பூட்டு ஒரு விலை, சாவி ஒரு விலை

பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் காதில் 'அமீபோ' என்ற சொல் விழுந்திருக்கும். நிண்டெண்டோ 2014-இல் விற்கத் தொடங்கிய கையளவு பொம்மை. பீடத்தில் ஒரு சில்லு. விளையாட்டுக் கருவியில் வைத்தால் ஆட்டத்தில் கூடுதலாக ஏதாவது கிடைக்கும்.

பொம்மை அழகுதான். அதை வாங்கி அலமாரியில் வைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்தச் சில்லோடு. அதன் கொள்ளளவு 540 பைட். கணினியில் தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட் ஆகும். இந்தப் பத்திகூட அதில் அடங்காது. பிறகு கூடுதல் ஆட்டம் எங்கே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கிய விளையாட்டிலேயே! கோப்பு தயாராக இருக்க, முத்திரை குத்தத் தனிக் காசு கேட்பது போல. (குமாஸ்தாவுக்கு வேறு உவமை தோன்றாது.)

2017-இல் வந்த 'மெட்ராய்டு: சாமஸ் ரிட்டர்ன்ஸ்' ஆட்டத்தின் மிகக் கடினமான நிலை, பொம்மை இருந்தால்தான் திறக்கும். 2021-இல் 'ஸ்கைவார்டு ஸ்வார்டு' மறுபதிப்பில், நினைத்த இடத்திலிருந்து வானத்துக்குப் போய்வரும் வசதிக்கே ஒரு பொம்மை. ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஜனவரியில் 'கலெத் தே ருவா' என்ற கேக்கில் சின்னப் பொம்மை ஒன்றை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் வருகிறதோ, அன்றைக்கு அவர் ராஜா. கேக் வாங்கினால் பொம்மை உள்ளேயே உண்டு. இங்கே கேக்குக்கும் காசு கொடுத்து, அதில் ஒரு துண்டைத் தொடப் பொம்மையையும் வாங்க வேண்டியிருக்கிறது.

இதே வழியில் 2013-இல் வந்த 'டிஸ்னி இன்ஃபினிட்டி' 2016-இலேயே நிறுத்தப்பட்டது. வாங்கி அடுக்கிய பொம்மைகளுக்கு இனிப் புது ஆட்டம் கிடையாது.