பழைய வன்தட்டும் 2038உம்

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. தைப்பொங்கல் முடிஞ்சு சில நாள். யாழ்ப்பாணத்தில் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில், நேரத்தை 32 பிட்டில் எண்ணும் கணினிகள் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகின்றன. 32 பிட் இடத்தில் 2,147,483,647க்கு மேல் எண்ண முடியாது. லினக்ஸ் கேர்னலை எழுதுபவர்கள் நேரத்தைத் தாங்கும் தரவுக் கட்டமைப்புகளை ஒவ்வொன்றாக 64 பிட்டுக்கு மாற்றினார்கள். 2020இல் வந்த 5.6 பதிப்போடு 32 பிட் கணினிகளுக்கும் வழி பிறந்தது.

அப்ப வேலை முடிஞ்சுதா? இல்லை. கேர்னல் திருந்தினாலும் வன்தட்டு பழையபடிதான் கிடக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்பின் விவரமும் பதியும் ஐநோட் 128 பைட் என்றால், 2038க்குப் பிந்திய திகதிக்கு அதில் இடமில்லை. 256 பைட் என்றால் 2446 வரை தாங்கும்.

எங்கட ஊரில் பழுதான பொருளையும் திருத்தித் திருத்திப் பாவிப்பம். நல்ல பழக்கம்தான். ஆனால் 1981இல் நூலகத்தை எரியக் கொடுத்த நாங்கள், இன்று மின்வடிவில் சேர்க்கும் ஆவணங்களின் திகதியைப் பிழைக்க விடலாமா? புதுத் தட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கட பழைய தட்டின் ஐநோட் அளவை இப்பவே ஒருக்காப் பாருங்கோ.