கையெழுத்திட்ட பின்பு



ஒரு நிறுவனத்தின் பணிநியமனக் கடிதத்தில் கையெழுத்திடுகிறோம். விரும்பிய நிறுவனம் அழைத்ததும், சேரவேண்டிய நாளில் சொல்லாமலே நின்றுவிடுகிறோம். பின்பு, கர்த்தரே கதவைத் திறந்தார் என்று சபையில் எழுந்து நிற்கிறோம். அது சாட்சியல்ல, வாக்குமீறல்.

யோசுவா 9-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிபியோனியர் வஞ்சித்தே உடன்படிக்கை பெற்றனர். ஆயினும் இஸ்ரவேலின் பிரபுக்கள் இட்ட ஆணையை மீறவில்லை. பிற்காலத்தில் சவுல் மீறினான். தாவீதின் நாட்களில் தேசம் மூன்று வருஷம் பஞ்சத்தில் வாடியது.

"நிறுவனங்களும் கடைசி நேரத்தில் கைவிடுகின்றனவே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் வஞ்சித்தவருக்குக் கொடுத்த வாக்கே கட்டுப்படுத்துமானால், உங்களை நம்பினவருக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு அதிகமாய்க் கட்டுப்படுத்தும்!

காத்திருப்பது பாவமல்ல, மறைப்பதே பாவம். கையெழுத்திடுமுன் அவகாசம் கேளுங்கள். விரும்பிய இடத்திலும் முடிவு எப்போது வரும் என்று விசாரியுங்கள். அவகாசம் மறுக்கப்பட்டால், ஏற்பதா விடுவதா என்று ஜெபித்துத் தீர்மானியுங்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய இடத்திற்காக வேறொருவரும் ஜெபித்திருப்பார்; அவரைத் திருப்பியனுப்பியல்லவா உங்களைத் தெரிந்துகொண்டார்கள்?

ஒப்புக்கொண்டீர்களா? போய்ச் சேருங்கள். சேரவே இயலாதெனில், ஒளியாமல் இன்றே அறிவித்து மன்னிப்புக் கேளுங்கள். வேலையைத் தருகிற தேவன் நம் வாக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆமென்.