ஃபீஸ் இல்லை... ஆனால், செலவு உண்டு!

“ஜெர்மனியில காலேஜ் ஃபீஸே கிடையாதாங்க. வீட்டுப் பத்திரத்தை வெச்சாவது பொண்ணை அனுப்பிடலாம்.”

குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், பூந்தமல்லி பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது கேட்கும் பேச்சு இது. கேட்ட புலவருக்குத் தன் தலையையே தரத் துணிந்தவன் குமணன். அவன் பெயர் கொண்ட ஊரில், பிள்ளையின் படிப்புக்குப் பத்திரத்தைத் தர யார் தயங்கப்போகிறார்கள்? ஆனால், கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

ஜெர்மன் தொழில்நுட்பக் கல்வி சென்னைக்குப் புதிதில்லை. 1959-ல் ஐ.ஐ.டி மெட்ராஸ் தொடங்கப்பட்டதே அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். அங்கிருந்து பேராசிரியர்களும் ஆய்வுக்கூடக் கருவிகளும் வந்தன. இங்கிருந்த ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். இன்று ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம்.

பணக் கணக்கு

ஆஹன், டிரெஸ்டன், பெர்லின் போன்ற ஊர்களின் அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்ட வேண்டும். ஆனால், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ இருக்கும் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. அங்கே முதுநிலைப் படிப்புக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகும்.

விசாவுக்கு ‘பிளாக்டு அக்கவுன்ட்’ காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அதன் அளவு 11,904 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என வைத்தால், ஏறக்குறைய 12 லட்சம். மாதம் 992 யூரோ வீதம் அது பிள்ளையின் கைக்குத் திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். இரண்டாம் ஆண்டுக்கும் வழி யோசித்திருக்க வேண்டும். இவை தவிர, இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ் என்ற சான்றிதழும் வாங்க வேண்டும்.

மூன்று வாய்ப்பு

பெற்றோர் அதிகம் கேள்விப்படாத விஷயம் இதுதான். நம் கல்லூரிகளில் அரியர் வைத்தால் பல முறை எழுதலாம். அங்கே ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முறைதான். மூன்றாவதும் போனால் பெயர் நீக்கப்படலாம். அதே படிப்பை ஜெர்மனியின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் மிகக் கடினம். விசாவுக்கும் சிக்கல் வரும்.

பல பாடங்களில் வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க்கும் இருக்காது. செமஸ்டர் முடிவில் வரும் ஒரே தேர்வுதான் எல்லாம். வகுப்புக்கு வரவில்லை என்றால் யாரும் வீட்டுக்கு போன் செய்ய மாட்டார்கள். மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். “1.3 தானா?” என்று பாட்டி வருத்தப்பட வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்பது வேலை

இந்தச் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு வழி அகலமானது. படிக்கும்போதே பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ‘ஹிவி’ எனப்படும் மாணவ உதவியாளராகச் சேரலாம். சம்பளம் உண்டு. அதைவிட, தொழில் கைக்கு வரும். முதுநிலை ஆய்வேட்டை ஒரு தொழிற்சாலையிலேயே செய்யும் வாய்ப்பும் இருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பலர் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். ஒப்பந்தம், விடுப்பு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. வழிகாட்டும் பேராசிரியரை ‘முனைவர்த் தந்தை’ அல்லது ‘முனைவர்த் தாய்’ என்று பொருள்படும்படி அழைப்பது அங்குள்ள வழக்கம். பட்டம் பெறும் நாளில் சக ஆய்வாளர்கள் கையால் ஒரு தொப்பி செய்து, அதில் அவரது ஆராய்ச்சியின் குட்டி மாதிரிகளை ஒட்டித் தலையில் சூட்டுவார்கள்.

அந்தத் தொப்பி வரை போவதற்கு மார்க்கைவிடத் தேவையானது, தடுக்கி விழுந்ததைச் சொல்லும் தைரியம். பத்திரம் அடகில் இருக்கும் வீட்டுக்கு, “ரெண்டாவது தடவையும் போச்சும்மா” என்று போன் செய்ய எந்தப் பிள்ளைக்கும் நாக்கு எழாது. சொல்லாமல் மறைத்தால், மூன்றாவது வாய்ப்பையும் தனியாகவே சந்திக்க வேண்டிவரும். பல்கலைக்கழகத்தில் ஆலோசகர்கள் இருந்தும் அவர்களிடம் போகத் தோன்றாது.

அதனால், வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் அம்மாவும் அப்பாவும் மகளை உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்: “ஃபெயிலானா முதல்ல எங்ககிட்ட சொல்லு. திட்ட மாட்டோம்.”