எலைசா அம்மையாரையும் எழுதுங்கள்



இடையன்குடி தூய திரித்துவ ஆலயம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1847இல் தொடங்கிய கட்டட வேலை 1880இல்தான் முடிந்து பிரதிஷ்டை நடந்தது. கையில் காசு சேரச் சேரக் கட்டிய கோயில் அது. தேரி மணலும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் அத்தனை உயரமான கோயிலைப் பார்க்கும்போது இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் கட்டுரை முழுக்க அந்தக் கோயிலைக் கட்டிய கால்டுவெல் ஐயர்தான். அவர் மனைவி எலைசாவுக்கு ஒரே ஒரு வரி! நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். 1844இல் திருமணமாகி இடையன்குடிக்கு வந்தார். தாய் மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலை அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. கண்ணும் பொறுமையும் வேண்டும். பனங்காட்டுக் குடும்பத்துப் பெண்கள் கையில் சொந்தச் சம்பாத்தியம் வந்தது அதனால்தான். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் நடத்தினார். சிறு வயதிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர். ஊர்ப் பெண்களோடு சரளமாகப் பேசுவார். இலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் வீட்டில் பேச்சுத் தமிழுக்கு அவரும் ஒரு ஆசிரியர் என்றே நான் நினைக்கிறேன்.

அம்மையார் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று அடுத்த இதழிலேயே வர வேண்டும்.

– வாசகி, திருநெல்வேலி