'லேக் வியூ' வீடு வாங்கப் போறீங்களா? வில்லாபுரம் பக்கம் ஒரு நடை போய் வாங்க

போனைத் திறந்தால் அந்த ரீல்ஸ்தான். கடற்கரைச் சாலையில் வில்லா, வாசலில் கால்வாய், பால்கனியில் காபி. மதுரைக்குக் கடல் கிடையாது. அதனால் இங்கே அதே கனவை 'லேக் வியூ' என்று விற்கிறார்கள். லேக் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கண்மாய்தான்.

வில்லாபுரத்திலும் ஒரு கண்மாய் இருந்தது. அந்த இடத்தில் இப்போது வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. திட்டமிட்ட காலனிதான், திட்டத்தில் தண்ணீருக்கு மட்டும் இடம் இல்லை. குடியிருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அரசே ஒதுக்கிய வீடு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2004-ல் உலகனேரி கண்மாய்ப் பகுதியில்தான் திறக்கப்பட்டது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் வந்தது 2007-ல்! கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகள் விசாரணைக்கு வருவதும் அதே இடத்துக்குத்தான்.

சரி, ஒரு கண்மாய் போனால் என்ன? கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே உள்ளது நிரம்பினால் கலுங்கு வழியாக வழியும் தண்ணீர், கால்வாயில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டாலும் தண்ணீர் பழைய பாதையை மறக்காது. கால்வாய் குறுகிப்போனாலும் இதே கதிதான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வைகைக்குப் போகும் வழியில் அடங்காத தண்ணீர், தெருவுக்கும் வீடுகளுக்கும் வந்தது.

ஆனால் நீர்க்கரை வாழ்க்கை மதுரைக்கு எட்டாத ஒன்றும் இல்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷம் காய்ந்து கிடந்தது. பசங்க உள்ளே கிரிக்கெட் ஆடுவாங்க. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்தார்கள், தண்ணீர் வந்து நின்றது. இப்ப சாயங்காலம் ஆனால் பாதி ஊர் அந்தப் படித்துறையில்தான். படகுகூட விட்டாச்சு. இதற்கு எந்த பில்டரும் தேவைப்படவில்லை.

இருபது வருஷ இ.எம்.ஐ. கட்டப்போகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கி, மனையை ஒட்டி வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். வகைமாற்றம் செய்த நிலத்தின் பழைய கதை இன்றைய பதிவேட்டில் இல்லாமல் போகலாம். அதனால் பழைய வருவாய் வரைபடங்களை எல்லோரும் போனிலேயே பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். வீடு கட்டிக் கொடுத்த அரசுக்கு இது பெரிய வேலை இல்லை.

அதுவரைக்கும், அந்த ஏரியா டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்க: "ஐயா, மழை பெஞ்சா இங்க தண்ணி எங்கிட்டுப் போகும்?"