ஆளில்லாத காணியெல்லாம் அரச காணியா? முசலி கேட்கும் சட்டக் கேள்வி

முசலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தெற்கின் தொலைக்காட்சிகளுக்கு ஒரே வரிதான்: வில்பத்துவை அழிக்கிறார்கள். நம்மவர்கள் அதற்கு 'இனவாதம்' என்று ஒரு சொல்லில் பதில் கொடுத்துவிட்டு எழுந்துபோகிறார்கள். இந்த இரைச்சலில் ஒரு சட்டக் கேள்வி பல வருடங்களாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உறுதி கையில் இருக்கும்போதே ஒரு வர்த்தமானியால் காணி பயனற்றுப் போனால், அதன் சொந்தக்காரருக்கு இந்த நாட்டுச் சட்டம் என்ன தருகிறது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். ஏறத்தாழ இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்தால் உலர்வலயத்து வயலும் தோட்டமும் என்னவாகும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றை வளரும், பிறகு மரம் வளரும். மக்கள் திரும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2012 ஒக்டோபரில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில், ரஷ்யாவுக்குச் சென்றிருந்த அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மாவில்லு பேணற்காட்டுக்கான பிரகடனத்தில் அங்கிருந்தே கையொப்பமிட்டார். பரப்பு 40,000 ஹெக்டயருக்கும் அதிகம். இந்தக் கிராமங்கள் வில்பத்து தேசிய பூங்காவுக்குள் இல்லை, மோதரகம் ஆற்றுக்கு வடக்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வனக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி ஒதுக்குக்காடாகவோ பேணற்காடாகவோ அறிவிக்கக்கூடியது அரச காணியை மட்டுமே. அப்படியானால் உறுதிக்காரர் ஏன் பயப்பட வேண்டும்? இங்கேதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வருகிறது. காடாகவும் தரிசாகவும், குடியில்லாமலும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணி, மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று அது அனுமானிக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவரின் தலையில். கோப்பித் தோட்டங்கள் பரவிய காலத்தில் ஆங்கிலேயர் எழுதிய அந்த வாசகம், துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டவனின் வயலையும் 'பயிரிடப்படாத காணி' என்றே பார்க்கிறது. ஏன் பயிரிடப்படவில்லை என்று அது கேட்பதில்லை.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. காணி சட்டப்படி அரசுடையதாகவே இருக்கிறது. ஆனால் பத்திரத்தை ரத்துச் செய்வதென்றால் அறிவித்தல் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். வர்த்தமானியில் ஓர் எல்லைக்கோட்டை வரைவது அந்த விசாரணைக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

நட்டஈடு? 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் சந்தைப் பெறுமதியின் அடிப்படையில் நட்டஈடு தரச் சொல்கிறது. ஆனால் அரசு காணியை முறைப்படி சுவீகரித்தால்தான் அது கிடைக்கும். சுவீகரிக்காமல் 'இதைச் செய்யாதே, அதைக் கட்டாதே' என்று மட்டும் சொன்னால் அந்தச் சட்டம் வாய்திறக்காது. வனஜீவராசிகள் கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு நல்ல உதாரணம். தேசிய ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் பணிப்பாளரின் முன் எழுத்து அனுமதி வேண்டும். காணி உங்களுடையது, வரியும் உங்களுடையது, தீர்மானம் வேறொருவருடையது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1992இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. லூகாஸ் என்பவர் தென் கரோலினாக் கடற்கரையில் இரண்டு துண்டுக் காணியை 1986இல் 975,000 டொலருக்கு வாங்கினார். இரண்டு வருடத்தில் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டுவதைத் தடுத்தது. ஓர் ஒழுங்குவிதி காணியின் பொருளாதாரப் பயன் முழுவதையும் இல்லாமல் செய்தால், சில விதிவிலக்குகள் தவிர, நட்டஈடு கொடுத்தேயாக வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே அரசியலமைப்பிலேயே சொத்துப் பாதுகாப்பு இருக்கிறது. நமது 1978 அரசியலமைப்பில் இல்லை. சொத்துரிமை அடிப்படை உரிமையா என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் ஆம் என்றே கை உயர்த்துவார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 12(1) உறுப்புரையைப் பிடித்துக்கொண்டுதான் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கும் ஒரு மாத அவகாசம்தான். புத்தளம் முகாமில் இருந்தவருக்கு வர்த்தமானி வந்த செய்தியே ஒரு மாதத்தில் எட்டியிருக்குமா?

நமக்குக் கசப்பான ஒன்றையும் மறைக்கக்கூடாது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்காக வனப்பகுதி துப்புரவாக்கப்பட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்க வேண்டுமென்றது. சூழலைப் பேணுவது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 27(14) சொல்கிறது. அதில் நமக்கும் பங்குண்டு. சட்ட நடைமுறையைத் தாண்டிக் காட்டை வெட்டுவதை ஆதரித்தால், உறுதி வைத்திருக்கும் ஏழையின் வழக்கும் சேர்ந்து பலவீனமாகும்.

அந்த ஏழைக்கு வலுச்சேர்க்கக்கூடிய ஒரு சட்டம் நம் கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாதச் செயல்களால் தன் காணிக்குப் போக முடியாமற்போனவருக்கு எதிராக, அந்தக் காலத்தைக் கணக்கிட்டு வேறொருவர் ஆட்சியுரிமை கோர முடியாது என்கிறது அது. அதாவது உங்கள் இல்லாமையால் அயலவன் இலாபமடையக்கூடாது என்று பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அரசு மட்டும் அடையலாமா? 1840ஆம் ஆண்டின் அனுமானத்துக்கும் அதே விதிவிலக்கைக் கொடுக்கும் ஒரு சிறு திருத்தத்தைக் கேட்பதுதான் நம் பிரதிநிதிகளின் முதல் வேலை. மேடையில் முழங்குவதைவிட அது கடினம், கைதட்டலும் குறைவு.

அதுவரை பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடிய வேலையும் உண்டு. காணிப் பதிவகத்திலிருந்து உறுதிகளின் பிரதிகளையும், நில அளவைத் திணைக்களத்திலிருந்து பழைய வரைபடங்களையும் எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்த அளவையின் அடிப்படையில் எல்லை வரையப்பட்டது என்று வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம். எல்லை தெரிந்த முதியவர்களிடமிருந்து சத்தியக்கடதாசி வாங்கவும் வேண்டும். 1990இல் நாற்பது வயதில் அந்த வயலை உழுதவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது.