பேரன் கேட்கும் புது மட்டை

மணியாச்சியிலிருந்து ரயிலேறி கோவில்பட்டிக்குப் போய் ஹாக்கி ஆடும் பேரன், இந்த வருஷ மாடல் 90 சதவீத கார்பன் மட்டைதான் வேண்டும் என்கிறான். வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்கிறாள் மருமகள். கூடாது என்கிறேன் நான். கார்பன் கூடக்கூட மட்டை விறைக்கும். அடி பலமாக விழும். ஆனால் பழகுகிற பையனுக்குப் பந்து நிற்காது, தெறித்து ஓடும். பெரிய பையன்கள் ஆடிக் கழித்த, கார்பன் குறைந்த மட்டையே இவனுக்குத் தோது. விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். எடை 737 கிராமுக்குள், வளைவு 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விதிக்குப் பழைய மாடலும் புது மாடலும் ஒன்றுதான்.

1975-இல் கோலாலம்பூரில் நாம் உலகக் கோப்பை வாங்கியது மர மட்டையில்தானே என்றேன்.

"அது புல்தரை தாத்தா!"

அதுவும் சரிதான். மிச்சப் பணத்தில் செயற்கைத் தரைக்கான ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.